லென்ஸில் 4 என்று இருந்தால் அது எஃப்/4 தானா?

என் கைக்கு வந்தது கோடாக் நம்பர் 2 ஃபோல்டிங் ஆட்டோகிராஃபிக் பிரௌனி. 1915இலிருந்து 1926 வரை வந்த மாடல். திறந்தால் துருத்தி நீண்டு லென்ஸ் வெளியே வரும். 120 ஃபிலிம் போடுகிற கேமரா என்பதால் இன்றும் படம் எடுக்கலாம். ஷட்டரில் 25, 50 (விநாடியில் இத்தனையில் ஒரு பங்கு), அப்புறம் பி (அழுத்தியிருக்கும்வரை திறந்திருக்கும்), டி (மறுபடி அழுத்தும்வரை திறந்திருக்கும்). லென்ஸுக்கு அடியில், ஒளி நுழையும் துளையைச் சிறிது பெரிதாக்கும் சின்ன முள், அதற்குக் கீழே 4, 8, 16, 32, 64.

ஒரு ரோலில் எட்டுப் படம். மண்டபத்து நிழலில் 4 வைத்தேன், குளத்துப் படிக்கட்டில் 8, தெருவில் 16, கடற்கரை வெயிலில் 32. எல்லாம் லைட் மீட்டர் சொன்னபடிதான். கழுவி வந்த நெகட்டிவைச் சன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்ததும் வயிறு கலங்கியது. (நெகட்டிவில் ஒளி குறைந்த இடம் வெளிறும், கூடிய இடம் கறுக்கும்.) மண்டபம் வெறும் கண்ணாடி மாதிரி. தூணின் ஒரு விளிம்பு மட்டும் லேசாகத் தெரிந்தது. படிக்கட்டு வெளிறியிருந்தது. கடற்கரை மணல் ஒரே கறுப்பு. தெரு மட்டும் கச்சிதம்.

ஷட்டர் கெட்டுவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் ஷட்டர் மெதுவாகிவிட்டால் எல்லாப் படமும் ஒரே பக்கமாகத்தானே சாய வேண்டும்? இங்கே 16 நடுவில் நிற்க, இரண்டு பக்கமும் சாய்ந்திருந்தது. சரி, அளந்தே பார்த்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். பின்பக்கத்தைக் கழற்றி, ஃபிலிம் ஓடும் இடத்தில் டிரேசிங் பேப்பர் ஒட்டி, ஷட்டரை டி-யில் திறந்து வைத்து, எதிர்வரிசை மாடிச் சுவர் பேப்பரில் தெளிவாக விழும்வரை லென்ஸை நகர்த்தினேன். பேப்பரிலிருந்து லென்ஸின் நடுவரை சுமார் 110 மி.மீ. முள்ளை 4இல் வைத்து முன்னாலிருந்து பார்த்தால் துளையின் குறுக்களவு 14 மி.மீ. எஃப் எண் என்பது லென்ஸின் குவியத்தூரத்தைத் துளையின் குறுக்களவால் வகுத்தால் வருவது. 110ஐ 14ஆல் வகுத்தால் ஏறத்தாழ 8!

அந்த எண்கள் எஃப் எண்களே இல்லை, யு.எஸ். எண்கள். இந்த யு.எஸ்ஸுக்கும் அமெரிக்காவுக்கும் தொடர்பில்லை. யூனிஃபார்ம் சிஸ்டம் என்பதன் சுருக்கம் அது. 1881இல் பிரிட்டனின் போட்டோகிராஃபிக் சங்கம் கொண்டுவந்த முறை. எஃப்/4ஐ 1 என்று வைத்துக்கொண்டு, ஒளி பாதியாகும் ஒவ்வொரு படிக்கும் (இதைத்தான் ஸ்டாப் என்பார்கள்) எண்ணை இரட்டிப்பார்கள். 2 என்றால் எஃப்/5.6, 4 என்றால் எஃப்/8, 8 என்றால் எஃப்/11. 16இல் இரண்டு வரிசையும் சந்திக்கும். அதைத் தாண்டினால் 32 என்பது எஃப்/22, 64 என்பது எஃப்/32. என் மண்டபத்துக்கு இரண்டு ஸ்டாப் குறைவாகவும் கடற்கரைக்கு ஒரு ஸ்டாப் அதிகமாகவும் ஒளி போனது இதனால்தான். எஃப் எண்ணை அதே எண்ணால் பெருக்கி 16ஆல் வகுத்தால் யு.எஸ். எண் வரும்.

எனக்கு இந்த முறை மிகவும் பிடித்துப்போயிற்று. லென்ஸ் மூடியைக் கழற்றி, விநாடி எண்ணி, திரும்ப மூடிய காலத்தை நினைத்துப் பாருங்கள். 8க்கு ஒரு விநாடி என்றால் 16க்கு இரண்டு, 32க்கு நான்கு. எண்ணே நேரத்தைச் சொல்லிவிடுகிறது. எஃப் எண்ணில் இந்த வசதி கிடையாது.

இதே மாதிரி வேறு எண்களைப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

*

அண்ணே, என்னிடம் இருப்பது போருக்கு முந்தைய லைக்கா எல்மர், 5 செ.மீ. லென்ஸின் முகப்பிலேயே 3.5, 4.5, 6.3, 9, 12.5, 18 என்று இருக்கும். நானும் ஏதோ வேறு கணக்கு என்று பயந்தேன். இவை எஃப் எண்கள்தான். ஐரோப்பாவில் அப்போது புழங்கிய வரிசை. நமக்குப் பழகிய 4, 5.6, 8, 11, 16ஐவிட ஒவ்வொன்றும் மூன்றில் ஒரு ஸ்டாப் தள்ளி நிற்கிறது, அவ்வளவுதான். டிஜிட்டல் கேமராவின் சக்கரத்தை மூன்றிலொரு ஸ்டாப்பாகத் திருப்பிப் பாருங்கள், 6.3, 9, 18 எல்லாம் அப்படியே வரும். இந்த எல்மரில் முள் எங்கும் 'டக்' என்று நிற்காது. மீட்டர் 5.6 சொன்னால் 6.3க்குக் கொஞ்சம் முன்னால் நிறுத்திக்கொள்கிறேன்.

*

என் பித்தளை லென்ஸில் எண்ணே கிடையாது. உருளையின் மேல்பக்கம் ஒரு வெட்டு மட்டும். துளை போட்ட தகடுகளை அதில் செருக வேண்டும். ஜான் வாட்டர்ஹவுஸ் 1858இல் சொன்ன ஏற்பாடு என்பதால் வாட்டர்ஹவுஸ் ஸ்டாப் என்பார்கள். எனக்கு வந்ததில் தகடுகள் எல்லாமே தொலைந்திருந்தன. நீங்கள் செய்த மாதிரியே டிரேசிங் பேப்பரில் அளந்தேன், குவியத்தூரம் 210 மி.மீ. கறுப்பு அட்டையில் 26, 19, 13 மி.மீ. துளைகள் வெட்டிக்கொண்டேன், கிட்டத்தட்ட எஃப்/8, 11, 16. முன்கண்ணாடி துளையைச் சற்றுப் பெரிதாக்கிக் காட்டும் என்பதால் முன்னாலிருந்து மறுபடி அளந்து, இரண்டு அட்டைகளை மாற்றி வெட்ட வேண்டியிருந்தது. ஒவ்வொன்றின் ஓரத்திலும் வெள்ளை மையில் எஃப் எண்ணோடு யு.எஸ். எண்ணையும் இப்போது எழுதிவிட்டேன். மூடியைக் கழற்றி விநாடி எண்ணுகிற எனக்கு இரண்டாவதுதான் கைகொடுக்கும்.