மிலானில் அம்மாவுக்கு ஏற்ற உணவகம் சொல்லுங்கள்

அடுத்த மாதம் அம்மாவோடு மிலானில் நான்கு நாள். தங்குவது நவில்யி கால்வாய்ப் பக்கம். அம்மா சுத்த சைவம். அந்த ஊரின் குங்குமப்பூ ரிசோட்டோ (குழைவான அரிசிச் சாப்பாடு) பளிச்சென்று மஞ்சளாக, பார்க்கச் சைவம் போலவே இருக்கும். ஆனால் பழைய முறைப்படி மாட்டு எலும்பு மஜ்ஜையும் இறைச்சிச் சாறும் போட்டுத்தான் செய்வார்கள். அதில் போடும் பார்மிஜானோ சீஸிலும், பாலைத் திரிக்கக் கன்றுக்குட்டியின் வயிற்றிலிருந்து எடுக்கும் ரென்னட் சேர்கிறது. இவை எதுவும் இல்லாமல், காய்கறிச் சாற்றில் செய்து தரும் இடம் மிலானின் பிரேரா பகுதிப் பக்கம் தெரியுமா?

அப்புறம், பல கடைகளில் இரவுச் சாப்பாடு ஏழரைக்குத்தான் தொடங்குமாம். அம்மாவுக்கு மாத்திரை இருக்கிறது, ஏழு மணிக்கே சாப்பிட வேண்டும். கோபெர்தோ என்று ஆளுக்கு இவ்வளவு என வாங்கும் மேசைக் கட்டணத்தோடு சேர்த்து இருவருக்கும் 90 யூரோ வரை பரவாயில்லை.

எல்லோருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியில் சாப்பிட்டே பழகியவர். ஒரு நாளாவது பட்டுப்புடவை கட்டி, வெள்ளைத் துணி விரித்த மேசையில் நிதானமாகச் சாப்பிடட்டும். போய்ச் சாப்பிட்டவர்கள் சொல்லுங்கள், ப்ளீஸ்.