பர்மாக் கடைப் பேரேடுகளைப் பல்கலைக்கழக நூலகத்துக்குக் கொடுக்கலாமா?

கேள்வி (தேவகோட்டையிலிருந்து):
பங்காளிகள் கூடி எங்கள் பெரிய வீட்டை விற்பதென்று முடிவு செய்திருக்கிறோம். இரண்டாங்கட்டு அறையின் தேக்குப் பெட்டியில், அப்பச்சியின் ஐயா (அப்பாவின் தாத்தா) பர்மாவின் மோல்மேனில் வட்டிக்கடை நடத்திய காலத்துப் பேரேடுகளும், கடிதக் கட்டுகளும், சீர்முறைகளை எழுதிவைத்த முறைச்சிட்டைகளும், சில பாட்டுப் புத்தகங்களும் இருந்தன. பழைய தாள் வாங்குபவர் எடைக்குக் கேட்டார். கொடுக்க மனம் வரவில்லை. பல்கலைக்கழக நூலகத்துக்குக் கொடுக்கலாமென்றால், முன்பு பங்காளி ஒருவர் ஒரு நூலகத்துக்குக் கொடுத்த இரண்டு சாக்கு ஏடுகள் எங்கே போயின என்று இன்றுவரை தெரியவில்லை. புத்தகங்களை மட்டும் துடைத்து, ஒட்டிக் கொடுத்தால் போதுமா? கணக்கேடுகளை யார் படிப்பார்கள்?

மறுமொழி (நூலகப் பணியில் இருப்பவர்):
ஆச்சி, தயவுசெய்து எதையும் ஒட்டாதீர்கள். ஒட்டும் நாடாவின் பசை தாளுக்குள் இறங்கி மஞ்சளித்துவிட்டால், அதை எடுக்கும்போது எழுத்தும் சேர்ந்து வந்துவிடும். மரக்கூழில் செய்த பழைய மலிவுத் தாள் தன் அமிலத்தாலேயே அப்பளம்போல நொறுங்குவது. வெயிலில் காயவைத்தால் இன்னும் கெடும். துருப்பிடித்த குண்டூசிகளையும் வெடுக்கென்று இழுக்க வேண்டாம். பெட்டியைக் காலி செய்வதற்கு முன், எந்தக் கட்டின்மேல் எந்தக் கட்டு இருந்தது என்பது தெரியும்படி படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கடிதக் கட்டு எந்தப் பேரேட்டோடு சேர்ந்து கிடந்தது என்பதே பல நேரங்களில் அதன் ஆண்டையும் கடையையும் சொல்லிவிடும். தேதிவாரியாக அடுக்கப்போய் அந்தத் தடயத்தை அழித்துவிடுகிறோம்.

மறுமொழி (காரைக்குடி, பொருளாதார வரலாறு பயில்பவர்):
பேரேடுகளைத்தான் நான் முதலில் கேட்பேன். பாட்டுப் புத்தகத்துக்கு வேறு படி எங்காவது இருக்கலாம். உங்கள் கடையின் ஐந்தொகைக்கு (இருப்புநிலைக் கணக்குக்கு) இருக்காது. கீழ்ப் பர்மாவின் முதன்மையான 13 நெல் மாவட்டங்களில் 1930இல் ஏறத்தாழ 6 விழுக்காடாக இருந்த செட்டியார் நிலவுடைமை, நெல் விலை சரிந்து கடன் திரும்பாமற்போனதால், 1937க்குள் 25 விழுக்காடானது. அந்த நிலம் எப்படி, யாரிடமிருந்து, எந்தக் கடனுக்காகக் கைமாறியது என்பதை அரசு அறிக்கைகளைவிட நெருக்கமாகச் சொல்லக்கூடியவை இந்த ஏடுகளே. கோட்டையூர் ரோஜா முத்தையா நூல்களோடு திருமண அழைப்பிதழ்களையும் துண்டறிக்கைகளையும் சேர்த்துவைத்தார். அவர் 1992இல் மறைந்த பின், சிகாகோ பல்கலைக்கழகம் அத்தொகுப்பை வாங்கியும் கடல் கடத்தாமல் சென்னையிலேயே வைத்ததால்தான், இன்று நாம் பேருந்தேறிப் போய்ப் படிக்க முடிகிறது.

மறுமொழி (நூலகப் பணியில் இருப்பவர்):
சாக்கு ஏடுகள் காணாமற்போனதற்குக் காரணம், கொடுத்தபோது பட்டியல் இல்லாததாகவே இருக்கும். எண்ணிட்ட பட்டியலில் நீங்களும் நூலகத்தாரும் கையெழுத்திடுங்கள். தொகுப்பைப் பிரிக்கக்கூடாது, மின்படி ஒன்று குடும்பத்துக்கு வேண்டும், பொதுமக்கள் பார்க்க அனுமதி வேண்டும் என்பவற்றைக் கொடைப்பத்திரத்திலேயே எழுதுங்கள். கடன்பட்டவர் பெயர்கள் இருப்பதால் எந்தப் பகுதியை உடனே திறக்கலாம் என்பதையும் பேசிவிடுங்கள். இன்னொன்று: வீட்டில் பழைய கணக்கு படிக்கத் தெரிந்தவர் இருந்தால், ஏடு போகும் முன் அவரை உட்காரவைத்து ஒலிப்பதிவு செய்யுங்கள்.

கேள்வி கேட்டவர்:
நேற்று அப்பச்சி முன் முதல் பேரேட்டை விரித்தேன். பிள்ளையார் சுழிக்குக் கீழே நான் கிறுக்கல் என்று நினைத்திருந்ததை மாகாணி, அரைக்கால் என்று பழைய பின்னக் குறிகளாக விரல் வைத்துத் தடையில்லாமல் வாசித்தார்கள். மூன்று பக்கம் பதிவாகியிருக்கிறது. மற்ற பக்கங்களும் பதிவாகி முடியும்வரை பெட்டி நகராது என்று பங்காளிகளிடம் சொல்லிவிட்டேன்.