புதுப்பிப்பு: சவரக்கத்தியில் திரும்பத் திரும்ப வந்த துரு, காரணம் கைப்பிடி

பழைய மடக்குச் சவரக்கத்தியை எத்தனை முறை துடைத்தாலும் துரு வருகிறது என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி. குளச்சல் கடற்காற்று என்றுதான் பலர் சொன்னீர்கள். "கைப்பிடியைக் கழற்றிப் பாருங்க" என்ற அண்ணன் சொன்னதே சரி.

மடக்கினால் கைப்பிடிக்குள் போகும் பகுதியில் மட்டுமே துரு. கைப்பிடி செல்லுலாய்டு (பழைய வகைப் பிளாஸ்டிக்), உள்பக்கம் மயிரிழை வெடிப்பு, கற்பூர வாடை. சிதையும் செல்லுலாய்டு விடும் அமில ஆவி எஃகை அரிக்கும். செல்லுலாய்டு எளிதில் தீப்பிடிக்கும், அடுப்புப் பக்கம் வைக்காதீர்கள்.

கைப்பிடியைப் பிடித்திருந்த ஆணியின் தலையை அரத்தால் ராவிக் கழற்றினேன். 600, 1000, 2000 எண் வாட்டர் பேப்பரில் (ஈரத்திலும் தேய்க்கும் உப்புத்தாள்; எண் கூடினால் நயம்) எண்ணெய் தொட்டுக் கையால் தேய்த்ததே போதும். மோட்டார் சக்கரம் வேண்டவே வேண்டாம்: மெல்லிய வாய் (வெட்டும் ஓரம்) சூடேறி நீலம் பாய்ந்தால் எஃகின் பதம், அதாவது கடினம், போய்விடும்.

தீட்ட 1000, 4000, 8000 எண் கற்கள். முதுகும் வாயும் சேர்ந்தே கல்லில் படவேண்டும், கோணத்தைத் தருவது முதுகுதான். வாயோரம் மார்க்கர் மை பூசினால் கல் படாத இடம் தெரியும். கடைசியில் தோல்வாரில் தீட்டினேன், முதுகு முன்னே போக.

புதுக் கைப்பிடி பனை வைரம் (பனைமரத்தின் கெட்டியான கட்டை). இப்போது தையல் மெஷின் எண்ணெய் தடவி வைக்கிறேன், துரு திரும்பவில்லை.