காயாம்பூவும் சங்குப்பூவும்: இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தவர்கள் எழுதுங்கள்

அழகர்கோயில் ரோட்டிலிருந்து

போன வாரம் அத்தையின் எண்பதாவது பிறந்தநாளுக்குச் சேலை எடுக்க மதுரை விளக்குத்தூண் பக்கம் போயிருந்தோம். அத்தை கேட்டது ஒரே நிறம். "பெருமாள் கலர்ல எடுப்பா. காயாம்பூ வண்ணம்."

கடைத் தம்பி அலுக்காமல் விரித்துப் போட்டார். எம்.எஸ். ப்ளூ, ஆனந்தா ப்ளூ, கத்தரிப்பூ, மயில்கழுத்து. எல்லாவற்றையும் தள்ளிவிட்டு, அடியில் கிடந்த அடர்நீலத்தைத் தொட்டு, "இந்தா, இதுதான். நம்ம வேலியில பூக்குமே, அந்தப் பூ" என்றார் அத்தை.

வேலியில் பூப்பது சங்குப்பூ. எனக்கு அங்கேயே உறுத்தியது. அத்தை மனப்பாடமாகச் சொல்லும் நாச்சியார் திருமொழியில், திருமாலிருஞ்சோலைப் பதிகத்தில், "கருவிளை ஒண்மலர்காள் காயாமலர்காள்" என்று ஆண்டாள் இரண்டையும் தனித்தனியாகக் கூப்பிடுகிறாள். கருவிளைதான் சங்குப்பூ. இரண்டும் ஒன்றென்றால் எதற்கு இரண்டு பேர்? அந்தத் திருமாலிருஞ்சோலை வேறெங்கும் இல்லை, நம் அழகர்மலைதான்.

ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் வேலியில் நாலு சங்குப்பூ பறித்து, ஈரத்துணியில் சுற்றி டிபன் டப்பாவில் வைத்துக்கொண்டு மலையேறினேன். செடிகொடி தெரிந்த நண்பர் ஒருவர் கூட வந்தார். பழமுதிர்சோலை தாண்டி நூபுரகங்கைக்குப் போகும் வழியில், "அங்க பாருங்க" என்று கை காட்டினார். தூரத்தில் இருந்து பார்க்க, யாரோ கிளைகளில் நீலப்பொடியை அப்பிவிட்டுப் போனதுபோல் இருந்தது. காயா, நுனியில் மட்டும் பூப்பதில்லை. இலை உதிர்ந்த பழைய கிளையிலும், கட்டையோடு ஒட்டிக் கொத்துக்கொத்தாக விடுகிறது. ஒவ்வொரு மொட்டும் மிளகைவிடச் சிறிசு. விரிந்தால் நாலே இதழ், நடுவிலிருந்து நீட்டிக்கொண்டு நிற்கும் மகரந்தத் தாள்கள்.

மரத்தில் கை வைக்க மனம் வரவில்லை. கீழே உதிர்ந்து கிடந்ததை உள்ளங்கையில் அள்ளி, பக்கத்தில் சங்குப்பூவை வைத்தேன். இவ்வளவு வித்தியாசத்தை நான் எதிர்பார்க்கவில்லை. சங்குப்பூ ஒரே பெரிய இதழ், வெல்வெட் துணிபோல. நீலம் ஓரத்தில் கறுத்து, நடுவில் வெள்ளையும் மஞ்சளுமாக முடிகிறது. காயாவின் நீலத்துக்குள் ஊதா ஓடுகிறது. சின்னக் காம்பு இளஞ்சிவப்பு. அத்தனையும் சேர்ந்து ஒரு நிறமாகத் தெரிகிறதே தவிர, ஒற்றைப் பூவை எடுத்துப் பார்த்தால் அந்த நிறம் பாதிதான் இருக்கிறது. போனில் எடுத்தால் ஊதா போய் வெறும் நீலமாக விழுகிறது. அதனால் படம் போடவில்லை.

வீட்டுக்கு வந்து அத்தையிடம் காட்டினேன். "ரெண்டும் ஒண்ணாத்தானப்பா இருக்கு" என்றுவிட்டார். உங்களில் யாராவது இரண்டையும் நேரில் பார்த்திருந்தால் சொல்லுங்கள். நான்தான் இல்லாத வித்தியாசத்தைப் பார்க்கிறேனா?

சுங்குடி வீட்டுப் பெண்

அண்ணே, நீங்க பார்த்தது சரி. எங்க வீட்ல மூணு தலைமுறையா சுங்குடிச் சேலைக்கு முடிச்சுப் போட்டுச் சாயம் ஏத்துறோம், நிறத்தோடயே வளர்ந்தவ நான். சங்குப்பூவுல சாயம் போட்டுப் பார்த்திருக்கேன். தண்ணியில போட்டதும் அவ்வளவு அழகா நீலம் இறங்கும். துணியில ஏறுனது வெளிர்நீலம்தான். எலுமிச்சைச் சாறு தெறிச்ச இடம் ஊதாவாச்சு, சோப்புத் தண்ணி பட்ட இடம் பச்சை பாஞ்சிருச்சு. மாடியில காயப்போட்டேன், வெயில்ல மிச்சமும் போச்சு. அன்னிக்கு அழுதேன்.

நிக்கிற நீலம்னா அவுரிச் செடிச் சாயம்தான். சாயத்தொட்டியிலருந்து தூக்கும்போது துணி மஞ்சளும் பச்சையுமா இருக்கும். காத்துப் படப் படக் கண்ணு முன்னாடியே நீலமாகும். எத்தனை தடவை பார்த்தாலும் எனக்குச் சலிக்காது.

காயாவுல இன்னொண்ணு. அதோட இலை மஞ்சள் சாயம் குடுக்கும். சாயவேர்ச் சிவப்பு நல்லாப் பிடிக்கவும் அந்த இலையைச் சேர்ப்பாங்க. பூ நீலம், இலை மஞ்சள், துணையிருந்து தர்றது சிவப்பு.

நத்தம் பக்கம்

நாங்க காசாமரம்னு சொல்லுவோம். ஆடு மேய்க்கப் போனப்ப அந்தப் பழம்தான் தீனி. கறுத்துப் பழுக்கும், கொஞ்சம் துவர்க்கும், நாக்கெல்லாம் ஊதாவாகும். கட்டை இரும்பு மாதிரி இருக்கும். பூவை நிறத்துக்காகப் பார்த்ததே இல்ல, இப்பப் பார்க்கணும்போல இருக்கு.

கண் ஆஸ்பத்திரியில் வேலை பார்ப்பவர்

அத்தைக்குக் கண்புரை இருக்கா? வயசாக ஆக, கண்ணுக்குள்ள இருக்க லென்ஸ் மஞ்சளாகும். நீலமும் ஊதாவும்தான் முதல்ல மங்கும். ஆபரேஷன் முடிஞ்சு கட்டுப் பிரிச்ச அன்னிக்கு, "இந்தச் சுவரு இவ்வளவு நீலமா?"ன்னு கேக்குறவங்களைத் தினமும் பார்க்கிறேன். ஒரு கண்ணுல மட்டும் பண்ணியிருந்தா, மாத்தி மாத்தி மூடிப் பார்க்கச் சொல்லுங்க.

அழகர்கோயில் ரோட்டிலிருந்து

அத்தைக்கு வலது கண்ணில் ஆபரேஷன் முடிந்து ஒரு வருஷம் ஆகிறது. இடது இன்னும் பாக்கி. நேற்று காரில் மலைக்கு மேலேயே கூட்டிப்போனேன். கொட்டிக் கிடந்த காயாம்பூவை அவர் கையிலேயே அள்ளிக் கொடுத்து, பக்கத்தில் சங்குப்பூவை வைத்தேன்.

வலது கண்ணை மூடச் சொன்னேன். "ரெண்டும் ஒண்ணுதான்."

இடது கண்ணை மூடச் சொன்னேன். வெகுநேரம் பேசவில்லை. பிறகு காயாவை விரலால் தள்ளி, "இதுல செவப்பு ஓடுதேப்பா. இது வேற" என்றார். கையைத் திருப்பித் திருப்பி வெயிலில் பிடித்துப் பார்த்தார். பதிகத்தை முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தார், காயாமலர் வரும் இடத்தில் மட்டும் நிறுத்தி இன்னொரு தரம் சொன்னார்.

சேலையை மாற்ற வேண்டாம் என்கிறார். சங்குப்பூவையும் ஆண்டாள் கூப்பிட்டிருக்கிறாள்தானே என்று கேட்கிறார். இடது கண்ணுக்குத் தேதி வாங்கியாகிவிட்டது.