பாளையில் கூட்டம் வைத்தால் திருநங்கைகள் வருவார்களா?

பாளை_பையன்:
நாங்கள் ஏழெட்டுப் பேர், கே, லெஸ்பியன், பைசெக்சுவல் எல்லாம் கலந்து, பாளையங்கோட்டையில் மாதம் ஒருமுறை சந்திக்கிறோம். ஜூன், நம்மைப் போன்றவர்கள் ஒளியாமல் கொண்டாடும் பிரைடு மாதம், அதில் ஒரு கூட்டம் வைக்க ஆசை. ஜங்ஷனில் பார்க்கும் திருநங்கை அக்காக்களைக் கூப்பிட்டோம். "அது உங்க விசேஷம்லா" என்று சிரித்துவிட்டுப் போய்விட்டார்கள். எல்லோரும் ஒரே வானவில் கொடிக்குக் கீழேதானே, ஏன் இந்த விலகல்?

தச்சநல்லூர்_அக்கா:
விலகல் எல்லாம் இல்லை தம்பி. எங்களுக்கு ஏற்கெனவே ஒரு வீடு இருக்கிறது. பெற்ற வீட்டை விட்டு வந்தபோது மூத்த திருநங்கை ஒருவர், என் குரு, சோறு போட்டார், ஜமாத்தில், அதாவது எங்கள் திருநங்கைக் குடும்பத்தில், மகளானேன். பிரைடு என்று ஒன்று இருப்பதே எய்ட்ஸ் தடுப்புத் திட்டத்தில் வேலை பார்த்தபோதுதான் தெரியும். அங்கேயும் முதலில் 'ஆணோடு உறவுகொள்ளும் ஆண்' கணக்கில்தான் எங்களையும் சேர்த்தார்கள். சேலை கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், படிவத்தில் ஆண்! ஆனாலும் பேன்ட் போட்ட கோத்திகளோடு (பெண் நளினமுள்ள ஆண்கள்) ஒரே பெஞ்சில் டீ குடித்துப் பழகியது அந்த ஆபீசில்தான்.

சட்டமும் நம்மை ஒன்றாக நடத்தவில்லை. 2013 டிசம்பரில் ஒருபால் உறவைக் குற்றமாக்கிய 377-வது பிரிவுக்கு சுப்ரீம் கோர்ட் மறுபடி உயிர் கொடுத்தது. நாலே மாதத்தில், 2014 ஏப்ரலில், அதே கோர்ட்டில் எங்கள் உரிமை பற்றிய நால்சா தீர்ப்பு வந்தது. எங்கள் பாலினத்தை நாங்களே சொல்லலாம் என்றது. கே, லெஸ்பியன் பற்றி இங்கே பேசவில்லை என்றும் அதிலேயே எழுதிவிட்டார்கள். அந்த 377-இலிருந்து விடுபட நீங்கள் 2018 வரை காத்திருந்தீர்கள். கல்யாணமும் அப்படித்தான். தூத்துக்குடியில் ஒரு திருநங்கையின் கல்யாணத்தைப் பதிய மறுத்த வழக்கில், இந்து திருமணச் சட்டத்தின் 'மணமகள்' திருநங்கையும்தான் என்று 2019-ல் மதுரைக் கிளை சொன்னது. ஒருபால் கல்யாணம் கேட்ட உங்களுக்கு 2023-ல் சுப்ரீம் கோர்ட் கைவிரித்தது.

காகிதத்தில் நாங்கள் முன்னால். வாடகைக்கு வீடு தேடும்போது நீ முன்னால். சட்டையை இன் பண்ணிக்கொண்டு போனால் உனக்குச் சாவி கிடைக்கும், என் குரல் கேட்டதுமே வீடு 'போயிட்டு' என்பார்கள். குலசேகரன்பட்டினம் தசராவுக்குப் பெண் வேஷம் கட்டி வரும் ஆம்பிளைக்கு அம்மா வந்திருக்கா என்று கும்பிட்டுக் காணிக்கை போடுகிற அதே கடைக்காரர், நான் போய்க் கைதட்டிக் காசு கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். (எல்லாக் கடையும் இல்லை. டவுனில் எனக்கு டீக்குக் காசு வாங்காத பாய் ஒருவர் உண்டு.)

எங்களை ஆட மட்டும் கூப்பிடாதே. மைக்கைக் கொடு. நாங்கள் கடை கடையாய்க் காசு கேட்கிற நாளில் வைக்காதே, அன்றைய வரும்படி போய்விடும்.

தென்காசி_திருநம்பி:
அக்கா சொல்லும் வீடு எங்களுக்கு இல்லை. பெண் என்று வளர்க்கப்பட்டு ஆணாக வாழும் திருநம்பிகளுக்கு ஏது ஜமாத்? ஓடிவந்தபோது மதுரையில் என்னைத் தங்கவைத்தது ஒரு லெஸ்பியன் ஜோடி. ஹார்மோனுக்கு எந்த டாக்டரிடம் போகலாம் என்று சொன்னதும் அவர்கள்தான். அதனால் எனக்கு வானவில் ரொம்ப வேண்டியதுதான். ஆனால் மைக் விஷயம் பழைய வழக்கு. பிரைடுக்கு வித்தான, நியூயார்க்கில் போலீசை எதிர்த்த ஸ்டோன்வால் கலகம் 1969. 1973-லேயே நியூயார்க் பேரணியில் திருநங்கைப் போராளி சில்வியா ரிவேரா மேடையேறியபோது சொந்தக் கூட்டமே கூச்சல் போட்டது. சிறையில் கிடக்கும் நம் ஆட்களை மறந்துவிட்டீர்களே என்று அதற்கு மேல் கத்தித்தான் அவர் பேசினார்.

பாளை_பையன்:
நாங்கள் நோட்டீசில் போட்டிருந்தது 'திருநங்கைகள் நடனம்' என்றுதான். எடுத்துவிடுகிறேன். அக்கா, நேரே ஜமாத்துக்கு வரலாமா?

தச்சநல்லூர்_அக்கா:
முதலில் குருவைப் பார். வெற்றிலை பாக்கோடு வா, தனியாக வராதே, உன் கூட்டத்து லெஸ்பியன் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வா. குரு அவர்களைப் பார்த்ததே இல்லை, ஆயிரம் கேள்வி கேட்பார்.