ஈர்ப்பு வில்லையா, ஈர்ப்பு இல்லையா?

அன்புள்ள நண்பர்களுக்கு, மொரீசியஸிலிருந்து வணக்கம்.

தொலைதூரப் பேரடை (விண்மீன்களின் பெருந்திரள்) ஒன்றின் ஒளி, வழியில் நிற்கும் பெருநிறையால் வளைந்து, பெருகி, சில வேளைகளில் ஒன்றே பலவாகி நம் விண்வெளித் தொலைநோக்கிகளுக்கு வந்து சேரும் நிகழ்வுக்கு (gravitational lensing) தமிழில் என்ன பெயர் வைப்பது என்று பேசி வருகிறோம். வளைக்கும் பொருளை ‘ஈர்ப்பு வில்லை’ (வில்லை என்றால் லென்சு) என்பதில் யாருக்கும் பெரிய மறுப்பு இல்லை. நிகழ்வின் பெயர்தான் இழுபறியில் நிற்கிறது. ‘ஈர்ப்பு ஒளிவளைவு’, ‘ஈர்ப்பு ஒளிக்குவிப்பு’, ‘ஈர்ப்பு வில்லையாக்கம்’ என்று இதுவரை வந்த மூன்றிலும் எனக்கு நிறைவில்லை.

ஒளிவளைவு என்பது பிழையன்று. ஆனால் குறைவான சொல். 1919 மே 29 அன்று முழுச் சூரிய கிரகணத்தின்போது பிரின்சிப்பி தீவிலும் பிரேசிலின் சோப்ராலிலும் அளந்தது வெறும் வளைவைத்தான். சூரிய விளிம்பை ஒட்டி வரும் விண்மீன் ஒளி 1.75 வில்நொடி (ஒரு வில்நொடி என்பது ஒரு பாகையில் 3600இல் ஒரு பங்கு) விலகும் என்ற ஐன்ஸ்டைனின் கணிப்பைச் சரிபார்க்க அது போதுமானதாக இருந்தது. 1979இல் அறியப்பட்ட இரட்டைக் குவேசாரோ (குவேசார் என்பது தொலைதூரப் பேரடையொன்றின் மிகப் பிரகாசமான மையம்) வேறு கதை. ஒரே குவேசார் ஏறத்தாழ 6 வில்நொடி இடைவெளியில் இரண்டாகத் தெரிகிறது. ஒரு பிம்பத்தில் காணும் ஒளிமாற்றம் மற்றதில் ஏறக்குறைய 417 நாள் கழித்தே வருகிறது. ரெஃப்ஸ்டால் எனப் பெயரிடப்பட்ட மீவிண்மீன் வெடிப்பை 2014இல் ஹப்பிள் விண்வெளித் தொலைநோக்கி நான்கு பிம்பங்களாகக் கண்டது. வேறொரு பாதையில் வரும் ஒளி இன்னும் வந்து சேரவில்லை என்று கணித்துக் காத்திருந்தார்கள். 2015 டிசம்பரில் அதே வெடிப்பு, சொன்ன இடத்தில், மறுபடியும் தெரிந்தது. பிம்பம் பலவாதல், பெருகுதல், காலம் பிந்துதல் ஆகிய இத்தனையையும் ‘வளைவு’ என்ற ஒரு சொல்லின் தலையில் ஏற்றுவது நியாயமில்லை.

ஒளிக்குவிப்பு என்பதை நான் முற்றாக மறுக்கிறேன். கண்ணாடி வில்லையில் விளிம்பை நோக்கிச் செல்லச் செல்ல ஒளி மிகுதியாக வளைவதால்தான் கதிர்கள் ஒரு புள்ளியில் கூடுகின்றன. ஈர்ப்பில் இது தலைகீழ்: நிறைக்கு அருகே வளைவு மிகுதி, விலக விலகக் குறைவு. குவியப் புள்ளி என்று ஒன்று கிடையாது. வீட்டில் காம்பு ஒடிந்துபோன வைன் கோப்பை ஒன்று கிடந்தது. அதன் அடித்தட்டு நடுவில் தடித்து ஓரத்தை நோக்கி மெலிவதால் ஏறக்குறைய இதே வேலையைச் செய்யும். பூசை அறையில் ஏற்றிய விளக்கின் சுடரை அதன் வழியே பார்த்தேன். நடுவுக்கு நேராக வைத்தபோது சுடர் ஒரு வளையமாயிற்று; இம்மி நகர்த்தியதும் வளையம் அறுந்து, ஒருபுறம் நீண்ட வில்லாகவும் எதிர்ப்புறம் குறுகிய கீற்றாகவும் நின்றது. 2025 பிப்ரவரியில் வெளியான யூக்ளிட் தொலைநோக்கியின் படத்தில் என்ஜிசி 6505 என்ற பேரடையின் நடுவைச் சுற்றித் தெரியும் வளையத்துக்கும் அந்தச் சுடருக்கும் என் கண்ணுக்கு வேற்றுமை தெரியவில்லை.

‘வில்லை’ என்ற சொல்லின் மேல் எங்கள் ஊர்க்காரருக்குத் தனிப் பற்று உண்டு. இங்கே செய்தித்தாளில் படிக்கும் பிரெஞ்சு மொழியில் பருப்புக்கும் கண்ணாடி வில்லைக்கும் ஒரே சொல்தான். கடையில் கறுப்புப் பருப்பு வாங்கும்போதும் கிரியோலில் அதைத்தான் சொல்கிறோம். தமிழில் அந்த இடத்தில் நமக்குக் கற்பூர வில்லை இருக்கிறது. இலங்கைப் பாடநூல்கள் வில்லை என்றே எழுதுகின்றன. தமிழ்நாட்டுப் பாடநூல்கள் லென்சு என்கின்றன. ஆடி என்பது முகம் பார்க்கும் கண்ணாடிக்கு வழங்குவதால் அதை இங்கே இழுக்க வேண்டாம்.

ஆனாலும் ஒரு சங்கடம். வகுப்பில் ‘ஈர்ப்பு வில்லை’ என்று சொல்லிவிட்டுக் குறிப்பேடுகளை வாங்கிப் பார்த்தால், ஒரு பிள்ளை அழகான கையெழுத்தில் ‘ஈர்ப்பு இல்லை’ என்று எழுதியிருந்தாள். குற்றம் அவளுடையதன்று. வேகமாகச் சொன்னால் எனக்கே அப்படித்தான் கேட்கிறது. சொல்ல வந்ததற்கு நேர் எதிரான பொருள்!

இந்த இடறலும் நீங்கும்படி நான் முன்வைப்பது ‘வில்லைத்தல்’ என்ற வினையும் ‘வில்லைப்பு’ என்ற பெயரும். நுரை நுரைக்கிறது, கிளை கிளைக்கிறது, சுவையைச் சுவைக்கிறோம். ஐகாரத்தில் முடியும் பெயர் வினையாவது தமிழுக்குப் புதிதன்று. ‘வில்லையாக்கம்’ என்றால் யாரோ கண்ணாடியைச் சாணை பிடித்து வில்லை செய்வது போலத் தொனிக்கிறது. வில்லைப்பில் அந்தக் குறை இல்லை. வன்வில்லைப்பு (strong), மென்வில்லைப்பு (weak), நுண்வில்லைப்பு (micro) என்று மூவகையும் வல்லினம் மெல்லினம் போல இயல்பாகக் கிளைக்கின்றன. முதல்முறை சொன்னபோது என் நாவும் தடுமாறியது என்பதை ஒப்புக்கொள்கிறேன். நான்கு நாளில் பழகிவிட்டது.

சொல்லை ஒரு பத்தியில் ஓட விட்டுப் பார்த்தால்தான் அதன் நடை தெரியும். “2022 ஜூலையில் வெளியான ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கியின் முதல் ஆழ்புலப் படத்தில் எஸ்மேக்ஸ் 0723 என்ற பேரடைக் கொத்து, 460 கோடி ஆண்டுகளுக்கு முன்பிருந்த கோலத்தில் தெரிகிறது. அதன் நிறை, பின்னாலுள்ள பேரடைகளை வில்லைக்கிறது. வில்லைக்கப்பட்ட பேரடைகள் நீண்டு வளைந்து காணப்படுகின்றன. வில்லைப்பு இல்லையேல் அவற்றுள் மங்கலானவை படத்தில் பதிந்தே இரா.” இதில் எந்த வாக்கியம் உறுத்துகிறது என்று சொல்லுங்கள். அந்தக் கொத்து இருக்கும் பறக்கும்மீன் மண்டலம் சென்னையில் அடிவானத்தை விட்டு எழுவதே அரிது. எங்களுக்கோ தைப்பூசக் காவடி நாள்களின் இரவில் தென்வானில் நன்றாக மேலே நிற்கும். ஆகவே இந்த எடுத்துக்காட்டை மாற்றச் சொல்லாதீர்கள்.

மிச்சமிருப்பது, அந்த நீண்டு வளைந்த பிம்பங்களுக்கான பெயர். ‘ஒளிவில்’ எனலாமா? வில்லையில் வில்லும் இருப்பதைச் சொற்பிறப்பாக நான் காட்டவில்லை. பிள்ளைகளுக்கு நினைவில் நிற்கும், அவ்வளவே. வானவில்லோடு குழம்பும் என்று எண்ணுவோர் மாற்றுச் சொல்லோடு எழுத வேண்டுகிறேன்.