பந்தல்குடி வாய்க்கால் கொசுவுக்கு இறக்கை கோணலா?

செல்லூர் சிலந்தி: வேற திரியில வைகைத்தண்ணி எழுதினது: "மதுரை பந்தல்குடி வாய்க்கால் கொசுவுக்கு இடது வலது இறக்கை நீளம் ஒத்துப்போகலை. கொசுப்புழு மருந்து டெமிஃபாஸுக்கு எதிர்ப்பு வந்தாச்சு, இதுக்கு மேல சாட்சி வேணுமா?" படிச்சதும் எரிச்சல் தாங்கல. விவரம் தெரிஞ்சவங்க வாங்கப்பா.

லென்ஸ்மாமா: சாட்சியாம்! க்யூலெக்ஸ் வகைக் கொசுவோட இறக்கை சுமார் மூணரை மில்லிமீட்டர். இடவல வித்தியாசம் அதுல ஒரு விழுக்காடுன்னா 35 மைக்ரான். மைக்ராஸ்கோப்போட நாலு மடங்கு லென்ஸ்ல கண்ணருகு அளவுகோலோட ஒரு கோடே ஏறக்குறைய 25 மைக்ரான். ஒரு கோடு தப்பினா எதிர்ப்பு வந்துரும், திருப்பி அளந்தா ஓடிரும். ரெண்டு தடவை அளந்தாரா?

வைகைத்தண்ணி: ஆஸ்திரேலிய ஆட்டு ஈ லூசிலியா குப்ரினா பத்தி மாமா கேள்விப்பட்டதில்லையோ? டயசினான்ங்கற பூச்சிமருந்துக்கு எதிர்ப்பு வந்த ஈக்கள்ல இடவல முடி எண்ணிக்கை ஏறுமாறாப் போனதை மெக்கன்சியும் கிளார்க்கும் 1988லயே எழுதியாச்சு. டெமிஃபாஸும் அதே ஆர்கனோபாஸ்பேட் மருந்துக் குடும்பம்தான்.

லென்ஸ்மாமா: பாதி படிச்சா இப்படித்தான். எதிர்ப்பு மரபணு நாலாவது குரோமோசோம்ல இருந்துச்சு. மூணாவதுல ஒரு திருத்தி மரபணு சேர்ந்ததும் ஈ மறுபடி சமச்சீராச்சு, எதிர்ப்பு மட்டும் அப்படியே நின்னுச்சு. ஆக, இறக்கை ஒத்துப்போனாலும் எதிர்ப்பு இருக்கலாம். அவங்க எண்ணினது முடி, நீங்க அளந்தது நீளம். ரெண்டு தடவை அளந்தீங்களா?

திருமங்கலத்தான்: முடி எண்றது மட்டும் லேசா மாமா? உதிர்ந்த இடத்துல முடி முளைச்ச அடிக்குழியை எண்ணணும். வலையில அடிபட்ட பூச்சியெல்லாம் இல்லேன்னா கோணல்தான். வாய்க்கால்ல புழு நெருக்கம், தீனிப் பத்தாக்குறை, வெக்கை வேற. இதுலயும் சமச்சீர் கெடலாம். மருந்தை மட்டும் எப்படிப் பிரிப்பீங்க, வைகை?

வைகைத்தண்ணி: திருமங்கலம் யார் பக்கம்னு முடிவு பண்ணிட்டு வரட்டும். மல்லிகை மொட்டுப்புழுத் திரியிலயும் இதே ரெட்டை நாக்குதான். அப்புறம் "கண்ணருகு அளவுகோல்" என்ன கண்ராவி? ஆக்குலர் மைக்ரோமீட்டர்னு சொன்னா வாய் வெந்துருமா?

லென்ஸ்மாமா: தமிழ்த் திரியில தமிழ் எழுதினா கண்ராவி. சரி. எதிர்ப்பைப் பார்க்கணும்னா இறக்கை எதுக்கு? மூணாம் பருவக் கடைசி, நாலாம் பருவத் தொடக்கப் புழு எடுங்க. குவளைக்கு 25, மருந்தளவு ஒவ்வொண்ணுக்கும் நாலு குவளை, கூட மருந்தில்லாத குவளை. 24 மணி நேரம் கழிச்சு எண்ணுங்க. மருந்தில்லாததுல 20 விழுக்காட்டுக்கு மேல செத்தாலோ, 10 விழுக்காட்டுக்கு மேல கூட்டுப்புழு ஆனாலோ மொத்தத்தையும் கொட்டிரணும். அதைச் செய்யாம இறக்கையைப் பிடிச்சுத் தொங்கறாரு. அதுலயும் ஓர செதிலைச் சேர்த்து அளந்தாரா, விட்டு அளந்தாரான்னு ஒரு வரி இல்ல. ரெண்டு தடவை?

வைகைத்தண்ணி: ஆமா, ரெண்டு தடவை! போட்டோ எடுத்து, பெரிசு பண்ணி, ரெண்டு தடவை அளந்தேன். போதுமா?

லென்ஸ்மாமா: ஒரே போட்டோவையா? அது உங்க மவுஸோட பிழை மட்டும். கண்ணாடித் துண்டுக்கு அடியில இறக்கை லேசாச் சாஞ்சாலே நீளம் குறையும். எடுத்து, மறுபடி வச்சு, மறுபடி படம் எடுத்து, முதல் எண்ணைப் பார்க்காம அளக்கணும். அதுக்கப்புறம் எல்லாக் கொசுவுக்கும் வலது பக்கமே நீளம்னு வந்தா அது வேற கதை, ஏறுமாறு இல்ல. ஏறுமாறுன்னா சிலதுக்கு இடது, சிலதுக்கு வலது நீளமா இருக்கணும்.

செல்லூர் சிலந்தி: அப்ப எதிர்ப்பு இருக்கா இல்லையா?

வைகைத்தண்ணி: இருக்கு. ஒரு இறக்கையை எத்தன தடவய்யா எடுத்து வைக்கிறது? கொசு தாங்குமா?

லென்ஸ்மாமா: கொசு செத்துக் கிடக்கு. தாங்காதது நீங்கதான்.

திருமங்கலத்தான்: ரெட்டை நாக்குன்னதுக்கு யாரும் இன்னும் பதில் சொல்லல.